உப்பு விளக்கைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

உப்புப் பாறையைக் குடைந்து உள்ளே பல்பு வைத்த உப்பு விளக்கை எங்கே பார்த்தாலும் எரியவிட்டுத்தான் வைத்திருப்பார்கள். மங்கலான மூலையில் தணல் மாதிரி ஒளிரும்போது எந்தக் கல்லும் நல்ல கல்லாகவே தெரியும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, கவிழ்த்துப் பார்க்க வேண்டிய பொருள் இது. உப்பில் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. ஒரு விளக்கு பல வருடம் உழைப்பதும், முதல் மழைக்காலத்திலேயே மேசைமேல் குளம் கட்டுவதும், கல்லில் குடைந்த துளை, உள்ளே எரியும் பல்பு, ஹோல்டர், ஒயர், அடிப்பலகை இவற்றைப் பொறுத்த விஷயம். அதனால் இங்கே கல்லுக்கு ஒரு பார்வை, அடிக்கு நாலு பார்வை.

கல்

இந்தப் பாறை உப்புக்குத் தமிழில் பழைய பெயரே உண்டு: இந்துப்பு. சைந்தவம் என்பதும் இதுதான். சிந்துப் பகுதியிலிருந்து வந்தது என்று பொருள். இன்று விற்கும் ஆரஞ்சு நிற விளக்குகளில் பெரும்பாலானவை பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், ஜீலம் மாவட்டத்தைச் சேர்ந்த கேவ்ரா சுரங்கத்தையும் அது இருக்கும் உப்பு மலைத்தொடரையும் சேர்ந்தவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வற்றிப்போன கடல் விட்டுச்சென்ற படிவம் அது. பனி மூடிய இமயச் சிகரங்கள் அங்கிருந்து வெகுதூரம். ‘இமயமலை உப்பு’ என்பது வியாபாரப் பெயர். அதை வைத்து ஒரு கல் உசத்தி, இன்னொன்று மட்டம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நிறம் இரும்பு ஆக்சைடு தருவது. இரும்பும் களிமண்ணும் கூடினால் கல் அடர்சிவப்பாகும், வெளிச்சம் குறையும். வெளிர் ரோஜா நிறக் கல்லில் வெளிச்சம் அதிகம், ஆனால் உள்ளே பல்பு இருக்கும் இடம் ஒரு வெண்பொட்டாகத் துருத்திக்கொண்டு தெரியலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட ஆரஞ்சு வீட்டுக்குச் சரி. நிறம் திட்டுத்திட்டாக, வெள்ளை நரம்புகள் ஓடிக் கிடப்பது குறையல்ல. கல் முழுக்க ஒரே சீரான நிறம் என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

போலியைக் கண்டுபிடிக்க எடை நல்ல வழி. உப்புப் பாறையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.1 கிராம். கல்லின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். கரடுமுரடான முட்டை வடிவக் கல் அந்தப் பெட்டி அளவில் ஏறக்குறைய பாதியைத்தான் நிரப்பும். 12, 12, 18 என்றால் பெருக்கல் 2,592, பாதி 1,296, அதை 2.1-ஆல் பெருக்கினால் சுமார் 2,700 கிராம். துளைக்கு ஒரு 300 கிராம் கழித்தால் 2.4 கிலோ. அந்த அளவுக் கல் ஒன்றரைக் கிலோகூட இல்லையென்றால் அது பெரும்பாலும் ரெசின் என்னும் செயற்கைப் பிசின். ஜிப்சம், கண்ணாடி போன்றவை எடையில் ஏமாற்றும். அவற்றுக்கு ஈரத்துணி இருக்கிறது. நனைத்து நன்றாகப் பிழிந்த வெள்ளைத்துணியால் அடிப்பக்கத்தில் பத்துத் தடவை தேய்த்தால் உண்மையான உப்பு வழுக்கத் தொடங்கும், காய்ந்தபின் அந்த இடம் வெளிறும். துணியில் ஆரஞ்சுச் சாயம் ஒட்டினால் கல்லுக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள்.

இன்னொரு தந்திரம் வார்னிஷ். கசியாமல் இருக்கும் என்று சொல்லி மேலே பளபளவென்று ஒரு பூச்சு கொடுப்பார்கள். பல்புச் சூட்டில் அது மஞ்சளாகும், ஓரத்தில் உரியும், உரிந்த இடத்தின் வழியே ஈரம் புகுந்து பூச்சுக்கு அடியில் உப்புப் பொரியும். பூச்சில்லாத கல்லே மேல்.

விரிசலையும் நரம்பையும் பிரித்தறிய விளக்கை எரியவிட வேண்டும். நரம்பு மங்கலான பட்டையாகத் தெரியும். விரிசல் கூர்மையான, பிரகாசமான கோடாகத் தெரியும், விரல்நகம் அதில் மாட்டும். நேர்கோடாக, பால் மாதிரி வெளுத்து, சுற்றியுள்ள கல்லோடு சேர்ந்து ஒளிராத கோடு இருந்தால் உடைந்த கல்லை உப்புத்தூளும் பசையும் வைத்து ஒட்டியது. அதை வாங்க வேண்டாம். பசை சூட்டுக்குத் தாங்காது.

சூடும் ஈரமும்

இந்த விளக்கின் மொத்த இயல்பும் ஓர் எண்ணில் அடங்கும்: 75. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மூடாத ஜாடியில் கல்லுப்பு நீர் விட்டுக்கொள்வது இதனால்தான். மழைநாளில் ஈரப்பதம் 85, 90 என்று நிற்கும் வீட்டில் உப்புக்கல் கசியாமல் இருக்கிறதென்றால் அதன் மேற்பரப்பு அறைக்காற்றைவிடச் சற்றுச் சூடாக இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு சூடு? அறை 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் கல்லின் மேற்பரப்பு 30 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினால் போதும். அதை ஒட்டியுள்ள காற்றின் ஈரப்பதம் 75-க்குக் கீழே இறங்கிவிடும். ஈரப்பதம் 95 ஆனாலும் சுமார் 4 டிகிரி வித்தியாசம் காப்பாற்றும். ஆக, தேவைப்படுவது மிகச் சிறிய சூடு. ஆனால் அது கல்லின் எல்லாப் பக்கத்துக்கும் போய்ச் சேர வேண்டும். கஷ்டமே அங்கேதான்.

பெரிய கல்லில் சின்ன பல்பைப் போட்டால் நடுவயிறு வெதுவெதுப்பாக இருக்கும். உச்சியும் கீழ் ஓரங்களும் அறைவெப்பத்திலேயே கிடக்கும். முதலில் வியர்ப்பது அந்த இடங்கள்தான். 3, 4 கிலோ வரை 15 வாட், அதற்கு மேல் 8 கிலோ வரை 25 வாட், 10 கிலோவைத் தாண்டினால் 40 வாட் என்பது வேலைக்கு ஆகும் கணக்கு. எரியவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து உச்சியில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் சரி. குளிர்ந்திருந்தால் பல்பு போதாது. கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சுட்டால் பல்பு அதிகம். கல் வெடிக்கும், ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறும். ஹோல்டரில் ‘அதிகபட்சம் 25 வாட்’ என்று பொறித்திருந்தால் கல் எத்தனை கிலோவாக இருந்தாலும் 40 வாட் போடவே கூடாது.

குண்டு பல்புதான் வேண்டும் என்பது இதனால்தான். அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போகிறது. மற்ற இடங்களில் வீண் என்று நாம் ஒதுக்கிய அந்த வெப்பம் இங்கே வேலை செய்கிறது. 1, 2 வாட் எல்.இ.டி. மாட்டினால் மின்சாரம் மிச்சம், கல் மிச்சமில்லை. ஆண்டு முழுக்க வறண்ட காற்று உள்ள இடத்தில் எல்.இ.டி. போதும். கடலோரத்திலோ மழை அதிகமுள்ள இடத்திலோ அது கல்லைக் கரைக்கும் வழி.

செலவைப் பார்த்துவிடலாம். 15 வாட் பல்பு நாள் முழுக்க எரிந்தால் 0.36 யூனிட், 30 நாளைக்கு 10.8 யூனிட். சாதாரணக் குண்டு பல்பின் ஆயுள் சுமார் 1,000 மணி நேரம். தினம் 12 மணி நேரம் எரித்தால் மூன்று மாதம்கூட வராது. அதனால் எங்கும் கிடைக்கும் அளவில் பல்பு எடுக்கும் விளக்கையே வாங்குங்கள். ஈ14 என்னும் சின்ன மரை பரவலானது, ஃபிரிட்ஜ் பல்பும் இந்த மரையில் வருகிறது. 120 வோல்ட் உள்ள நாடுகளில் ஈ12 அதிகம். விளக்கோடு வரும் விசித்திரமான பல்பு உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்று விசாரிக்காமல் வாங்கினால், பல்பு போன அன்றே விளக்கும் போனமாதிரி.

துளை

இப்போது கவிழ்க்கலாம். மரப்பலகையை மட்டும் பிடித்தோ கல்லை மட்டும் பிடித்தோ தூக்காதீர்கள். ஒரு கை அடியில், ஒரு கை கல்லில். ஹோல்டரின் இரு பக்கமும் இறக்கை மாதிரி ஸ்பிரிங் கிளிப் இருக்கும். இரண்டையும் உள்பக்கமாக அழுத்தி நேராக இழுத்தால் பல்போடு வெளியே வரும். வராமல் முரண்டு பிடித்தால் துளை குறுகல்.

துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன 15 வாட் பல்பின் கண்ணாடி 26, 28 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், அதாவது துளை 45 மில்லிமீட்டருக்குக் குறையாமல். பல்பு உப்பில் இடித்துக்கொண்டு நின்றால் இரண்டு கேடு. அந்த இடத்தில் மட்டும் கல் அதிகமாகச் சூடேறி விரியும். அணைத்தபின் அங்கே ஊறும் ஈரம் அடுத்தமுறை சூடான கண்ணாடியைத் தொட, பல்பு பட்டென்று உடையும். ஆழம் கல்லின் உயரத்தில் பாதிக்கு வர வேண்டும். ஆழம் குறைந்தால் வெளிச்சமும் சூடும் கீழேயே தங்கிவிடும், உச்சி இருட்டாக, ஈரமாக நிற்கும். துளை ஒருபக்கமாகச் சாய்ந்து, ஒரு பக்கம் கல்லின் சுவர் ஒன்றரை சென்டிமீட்டராக மெலிந்திருந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் உடையும்.

மலிவு விளக்குகளில் அதிகம் காணப்படும் குறை இந்தத் துளைதான். வெளியே எவ்வளவு அழகாகச் செதுக்கியிருந்தாலும் துளையை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவசரமாகக் குடைந்துவிடுகிறார்கள்.

ஹோல்டர், ஒயர், அடி

பல்பு கீழிருந்து மேல்நோக்கி நிற்கிறது. கல் கசிந்தால் உப்புநீர் இறங்கும் வழி நேராக ஹோல்டருக்குத்தான். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். பல்பின் மரை ஹோல்டரோடு ஒட்டிக்கொண்டு, திருகினால் கண்ணாடி மட்டும் கையோடு வருவதற்கு இந்தக் களிம்புதான் காரணம். நல்ல அமைப்பில் ஹோல்டரைச் சுற்றி ஒரு விளிம்பு இருக்கும், வழிந்த நீர் அந்த விளிம்பைச் சுற்றிக் கீழே போகும். அடிப்பலகைக்கு நடுவில் பெரிய திறப்பும், கீழே ரப்பர் கால்களும் இருக்கும். காற்று போய்வர, நீர் தங்காமல் இறங்க. பலகை தரையோடு ஒட்டி, ஒயர் ஒரு சின்னப் பள்ளத்தின் வழியே நசுங்கி வெளியே வந்தால் அந்த விளக்கை வைத்துவிட்டு நகருங்கள்.

பலகையைக் கல்லோடு பிணைக்கும் திருகாணிகள் எவர்சில்வராக இருப்பது நல்லது. இரும்பாணி உப்பில் துருப்பிடித்துப் பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளக்கும். ஒரு காந்தத்தை வைத்தால் ஓரளவு தெரிந்துவிடும், பலமாக இழுத்தால் இரும்பு. மேசைமேல் வைத்து உச்சியில் விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால் பலகை சமமில்லை. ஐந்து கிலோக் கல் மேசையிலிருந்து காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சுவிட்ச் விஷயத்தில் எளியதே நல்லது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் கவர்ச்சியானது, ஆனால் இந்த விளக்குகளில் ஆபத்தான பாகமும் அதுதான். 2017 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்போடு சுமார் 80,000 உப்பு விளக்குகள் திரும்பப் பெறப்பட்டன. டிம்மரோ பிளக்கோ அதிகமாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்பது காரணம். அந்தக் குற்றச்சாட்டில் கல்லுக்குப் பங்கே இல்லை. தவிர, டிம்மரைக் குறைத்தால் சூடும் குறைகிறது, கல் கசிகிறது. விளக்கின் வேலைக்கே எதிரான வசதி. பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும்போது, அது ஒயரில் மட்டும் இருக்கிறதா, விளக்கு முழுவதற்குமா என்று படியுங்கள். ஒயருக்கு வாங்கிய முத்திரையை அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டு விற்பது வழக்கம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று. ஒரு மணி நேரம் எரியவிட்டு, பிளக்கையும் ஒயரில் உள்ள சுவிட்சையும் தொட்டுப் பாருங்கள். 15 வாட் பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது 0.065 ஆம்பியர், 120 வோல்ட்டில் 0.125. இந்தத் துளி மின்சாரத்துக்குப் பிளக் வெதுவெதுப்பாகக்கூட ஆகக்கூடாது. அப்படி ஆனால் உள்ளே எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றே திருப்பிக் கொடுங்கள்.

ஒயர் சுவரிலிருந்து விளக்குக்கு வரும் வழியில், பிளக்கைவிடக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். ஒயர் வழியே ஊர்ந்து வரும் உப்புநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக் பாயிண்டுக்குள் ஏறாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரோடு வரும் விளக்கு கிடைத்தால் அதையே எடுக்கலாம், பல்பு குண்டு பல்பாக இருக்கும் வரை.

எந்த வடிவம்

இயற்கையான கரடுமுரடுக் கல், மரப்பலகை, 3 முதல் 5 கிலோ: முதல் விளக்குக்கு இதுதான் எங்கள் தேர்வு. சூடு சீராகப் பரவும், ஓரத்தில் சில்லு போனாலும் தெரியாது. இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் சுவர் மெலிந்து பல்பு பளிச்சென்று தெரியும்.

உருண்டையும் கனசதுரமும் பார்க்க லட்சணம். ஆனால் ஒரு மழைக்காலம் கசிந்தாலே கனசதுரத்தின் கூர்முனைகள் மழுங்கி, கரைந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். உருண்டை பரவாயில்லை. கிண்ணத்தில் உப்புத்துண்டுகளைக் குவித்து வைக்கும் வகை ஈரத்துக்கு மிக மோசம்: துண்டுகளின் மேற்பரப்பு அதிகம், மேலே உள்ளவற்றுக்குச் சூடு எட்டாது. கம்பிக்கூடை வகையில் உலோகம் துருப்பிடிக்கும் என்பது ஒரு பக்கம். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக எரியும் ஹோல்டரைத் தாங்கும் உலோகக்கூடைக்கு எர்த் ஒயர் வேண்டும், அதாவது மூன்று ஒயர், மூன்று முனைப் பிளக். இரண்டு முனைப் பிளக்கோடு உலோகக்கூடை விளக்கு எந்த விலைக்கும் வேண்டாம். யு.எஸ்.பி.யில் எரியும் குட்டி விளக்கு மேசை பொம்மை, உள்ளே எல்.இ.டி., சூடில்லை, ஈரநாளில் கணினிக்குப் பக்கத்தில் உப்புநீர் விடும்.

காற்றைச் சுத்தம் செய்யும், எதிர்மின் அயனிகளை வெளியிடும் என்ற பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. உப்பு உருகவே 801 டிகிரி வேண்டும்; வெதுவெதுப்பான கல் காற்றுக்குள் அயனிகளை அனுப்பாது. ஈரமான கல்லில் தூசி ஒட்டும், உண்மைதான், ஈரமான எதிலும் ஒட்டும். அறையின் சதுர அடிக்கு இத்தனை கிலோ என்று போடும் பட்டியலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நீலம் குறைந்த மங்கலான வெளிச்சம் படுக்கையறைக்கு இதமானது. அதற்காக வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. படிக்க இது போதாது.

வைத்துக்கொள்வது

குளியலறை, அடுப்பங்கரை, திறந்த ஜன்னலோரம் மூன்றும் வேண்டாம். அடியில் விளக்கைவிட அகலமான கண்ணாடி அல்லது பீங்கான் தட்டு. பளிங்கில் நேராக வைத்தால் உப்புநீர் பளிங்குக்குள் இறங்கி, உப்புப் பூத்து, மேற்பரப்பை உரிக்கும். அந்தக் கறை போகாது. டி.வி.க்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்திலும் வைக்காதீர்கள். பூனையும் நாயும் நக்கிப் பழகினால் உடலில் சோடியம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்; எட்டாத உயரத்தில் வைப்பது ஒன்றே வழி.

துடைக்க நன்றாகப் பிழிந்த துணி, பிறகு காய்ந்த துணி, பிறகு இரண்டு மணி நேரம் எரியவிடல். குழாயடியில் பிடிக்க வேண்டாம். ஊருக்குப் போகும்போது அணைத்து, ஆறியபின் பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டிவிட்டுப் போங்கள். வந்து பிரித்ததும் எரியவிடுங்கள்.

ஏற்கெனவே கசிந்து நிற்கும் விளக்கென்றால் சுவிட்சைப் போட்டுக் காயவைக்கலாம் என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஹோல்டருக்குள் உப்புநீர் இருக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்கி, ஹோல்டரை உருவி, கல்லைத் துளை கீழ்நோக்கியபடி இரண்டு கட்டைகள்மேல் வைத்து வடியவிட வேண்டும். துளையைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள். ஹோல்டருக்குள் பாருங்கள்: வெறும் வெள்ளை உப்பு என்றால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடலாம். நடு முனையிலோ மரையிலோ பச்சைக் களிம்பு தெரிந்தால் சுரண்டிப் பயனில்லை. ஹோல்டர், சுவிட்ச், பிளக் சேர்ந்த ஒயர் செட் தனியாகவே கிடைக்கிறது. கிளிப்பின் அளவு உங்கள் துளைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து முழுதாக மாற்றிவிடுங்கள். கல் எத்தனை ஒயரை வேண்டுமானாலும் பார்க்கும்.